கூடிச் செல்லும் வழி

நுழையும்முன்

விடுமுறை என்றதும் 'எங்கே செல்லலாம்?' என்னும் வினாவே முதலில் எழுகிறது. யார் யாருடன் செல்வது, யாருடைய நடைக்கு ஏற்பச் செல்வது என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. மூன்று, நான்கு தலைமுறையினர் ஒன்றாகச் செல்லும் பயணத்தில் இவ்வினாக்களே முதன்மையானவை. திசையன்விளை வட்டார வாழ்வியலைப் பின்புலமாகக் கொண்டு, அத்தகைய பயணத்தைத் திட்டமிடும் முறையையும் அதன் உட்பொருளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தேரிக்காடும் தொலைதூரக் கடைகளும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கில், மன்னார் வளைகுடாவை நோக்கிச் சரியும் செம்மண் நிலத்தில் அமைந்துள்ளது திசையன்விளை. சுற்றிலும் பனைமரங்கள், காற்று குவித்த செம்மணல் மேடுகளான தேரிகள், முருங்கைத் தோட்டங்கள். ஆற்றுப் பாசனத்தை நம்ப இயலாத நிலம் இது. கிணற்று நீரும் பனையும் கைத்தொழிலும் சிறுவணிகமும் இங்குள்ள மக்களை வாழவைத்தன. நிலம் குறைவாகக் கொடுத்ததால் மக்கள் வெளியூர்களை நாடினர். சென்னையிலும் மும்பையிலும் பலசரக்குக் கடைகள் நடத்துவோரில் இவ்வட்டாரத்தினர் பலர். பின்வந்த தலைமுறை, படிப்பின் துணையுடன் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றது.

இதனால் ஒரே குடும்பத்தின் கிளைகள் நான்கைந்து ஊர்களில் வேர்விட்டுள்ளன. ஊரிலிருக்கும் பழைய வீட்டில் பெரும்பாலும் முதியோர் மட்டுமே இருக்கின்றனர். பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கைப்பேசித் திரையில் அறிவர். ஒரே இலையில் பகிர்ந்து உண்டறியார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாரும் ஒன்றாகப் பயணம் செல்ல வேண்டும் என்னும் விருப்பம் இத்தகைய குடும்பங்களில் வலுப்பெறுவது இயல்பே. விருப்பத்திற்கும் பயணத்திற்கும் இடையே திட்டமிடல் என்னும் நீண்ட வழி இருக்கிறது.

முன்னோர் சென்ற பயணம்

பல தலைமுறையினர் கூடிப் பயணம் செல்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. பங்குனி உத்திர நாளில் தத்தம் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்துடன் சென்று வழிபடுவது நெல்லைச் சீமையின் தொன்றுதொட்ட வழக்கம். எந்த ஊரில் வாழ்ந்தாலும் அந்நாளில் சாஸ்தாவின் முன் கூடிவிடுவர். ஆடி அமாவாசையன்று பொதிகை மலையடிவாரத்தில் காரையாற்றுக்கு அருகிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். மாட்டுவண்டிகளில் அரிசியும் பாத்திரங்களும் பாயும் ஏற்றிக்கொண்டு சென்று, ஆற்றங்கரையில் குடில் அமைத்து, நாள் கணக்கில் தங்கிய குடும்பங்கள் பல.

அப்பயணங்களுக்குத் தனியே திட்டம் தேவைப்படவில்லை. எந்த நாள் என்பதை நாள்காட்டி முடிவுசெய்தது. எந்த இடம் என்பதைக் குலதெய்வம் முடிவுசெய்தது. வண்டியோட்டுபவர், அடுப்பு மூட்டுபவர், பிள்ளைகளைக் கவனிப்பவர் எனப் பணிகளும் வழிவழியாகப் பகுக்கப்பட்டிருந்தன. மாடுகள் நடக்கும் விரைவே பயணத்தின் விரைவு. ஆகவே, முதியவரும் கைக்குழந்தையும் அப்பயணத்தில் ஒருபோதும் பின்தங்கவில்லை.

இன்று நாளையும் இடத்தையும் விரைவையும் குடும்பமே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெருகியபோது, யாருடைய தேர்வு என்னும் சிக்கலும் உடன் வந்தது.

நாள் குறித்தல்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். எண்பத்திரண்டு வயதான ஆச்சி திசையன்விளையில் தனியே வாழ்கிறார். மூத்த மகன் சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இளைய மகன் மும்பையில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றுகிறார். மகள் தூத்துக்குடியில் ஆசிரியர். அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. மூத்த மகனின் மகளுக்கு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உண்டு. நான்கு தலைமுறைகள், பதினான்கு பேர்.

பங்குனி உத்திரத்தன்று கூடலாம் என்றால், அது மார்ச் அல்லது ஏப்ரல் திங்களில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்காலம். ஆடி அமாவாசைக்குச் செல்லலாம் என்றால், பள்ளிகள் முழுமூச்சாக நடைபெறும் நாள்கள் அவை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைக்காரர் கடையைவிட்டு நகர இயலாது. மே மாதத்தில் எல்லாருக்கும் விடுமுறை. ஆனால், கத்திரி வெயில் முதியவரையும் குழந்தையையும் வாட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையால் தாமிரபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்ததை இம்மக்கள் மறந்திலர்.

இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கியபின் எஞ்சுவது செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை. தென்மேற்குப் பருவமழை மலைகளை நனைத்துச் சென்றிருக்கும், ஆற்றில் நீர் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஆயினும், மும்பைப் பள்ளிகளின் விடுமுறை நாள்கள் வேறு. இளைய மகனின் குடும்பத்தினர் நான்கு நாள்களில் இரண்டு நாள்களுக்கு மட்டுமே வரக்கூடும். எல்லாருக்கும் முற்றிலும் பொருந்தும் நாள் என ஒன்று இல்லை என்பதை ஏற்றுக்கொள்வதே திட்டமிடலின் முதற்படி. யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தனர் என்பதை நினைவில் வைத்து, அடுத்த முறை அவர்களுக்கு ஏற்ற நாளைத் தேர்வது அறம்.

நாள் குறித்தவுடன் பயணச்சீட்டு. தொடர்வண்டியில் முன்பதிவு செய்யும் காலம், 2024 நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. எனவே, செப்டம்பர் இறுதிப் பயணத்திற்கு ஜூலை இறுதியிலேயே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கும் இடமிருப்பின் கீழ்ப்படுக்கை ஒதுக்கப்படும். வயதைச் சரியாகக் குறிப்பிட்டுப் பதிவுசெய்தால் மூட்டுவலியுள்ள ஒருவரின் ஓர் இரவு நலமாகக் கழியும். திசையன்விளைக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. வள்ளியூரிலோ திருநெல்வேலியிலோ இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக வரவேண்டும். நள்ளிரவில் வந்திறங்கும் வண்டியைவிட, விடியலில் வந்து சேரும் வண்டி குழந்தையுள்ள குடும்பத்திற்கு ஏற்றது.

"நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்"

நாள் முடிவானபின் இடம். இளையோர் குற்றாலம் என்பர். குழந்தைகள் கடல் என்பர். சிலர் கொடைக்கானல் என்பர். உறவினரின் கைப்பேசிக் குழுவில் செய்திகள் குவியும். இந்த உரையாடலில் ஆச்சி இல்லை. அவரிடம் எண்களை அழுத்திப் பேசும் பழைய கைப்பேசி மட்டுமே உண்டு. எல்லாம் முடிவானபின் மூத்த மகன் அழைத்து, "நீங்களும் வாறீங்களாம்மா?" என்று கேட்பார். ஆச்சி சற்றும் தாமதியாமல் மறுமொழி கூறுவார்: "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்."

இத்தொடர் தமிழகத்தின் எண்ணற்ற வீடுகளில் ஒலிக்கிறது. கேட்போர் இதனை விருப்பமின்மை என்று புரிந்துகொள்கின்றனர். அம்மாவுக்கு அலைச்சல் ஆகாது என்று தமக்குள் அமைதி கூறிக்கொள்கின்றனர். அத்தொடரின் உள்ளே வேறு பல தொடர்கள் மறைந்திருக்கின்றன. படியேற இயலாமல் நின்றால் மற்றவர்களும் நிற்க வேண்டுமே, அடிக்கடி கழிப்பறை கேட்டால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்களோ, தமக்காக ஒரு வண்டி கூடுதலாக வேண்டியிருக்குமே, மருமகளுக்குச் சுமையாகிவிடுவோமோ. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதற்கு மாற்றாக, வீட்டைப் பார்த்துக்கொள்வதாக முதியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பூட்டிய வீட்டுக்குக் காவல் தேவையில்லை என்பதை இரு தரப்பினரும் அறிவர்.

சிக்கல் மறுமொழியில் இல்லை, வினாவில் இருக்கிறது. 'வருகிறீர்களா?' என்னும் வினா, பயணம் பிறருடையது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அழைக்கப்படுபவர் விருந்தினராகிவிடுகிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி வேறு விதமாகக் கேட்கிறாள் என்று கொள்வோம். "ஆச்சி, உங்களுக்கு எங்க போகணும்னு தோணுது?" இம்முறை மறுமொழி உடனே வராது. சற்று நேரம் கழித்து, "பாபநாசம் படித்துறையில ஒரு தரம் காலை நனைச்சாப் போதும் மக்கா" என்று ஆச்சி கூறக்கூடும்.

அந்த ஒரு தொடரில் ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. ஆச்சி பிறந்தது அம்பாசமுத்திரத்தை அடுத்த ஆற்றங்கரைச் சிற்றூர். நாள்தோறும் ஆற்றில் குளித்து வளர்ந்தவர், மணமாகித் தேரிக்காட்டுக்கு வந்தபின் கிணற்றில் நீர் இறைத்தே அறுபது ஆண்டுகளைக் கழித்துவிட்டார். அவர் ஆற்றை விரும்பினார் என்பதைப் பெற்ற பிள்ளைகளே அறிந்திருக்கவில்லை. கேட்கப்படாததால் சொல்லப்படவில்லை.

நடைக்கு ஏற்ற திட்டம்

பயணக்குழுவில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய நடையே பயணத்தின் அளவுகோல். இவ்விதியை ஏற்றுக்கொண்டால் திட்டம் தானாகவே சீர்பெறும். ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம், காலையில் செல்லுதல், நண்பகலில் ஓய்வு, மாலையில் விருப்பமுள்ளோர் மட்டும் வெளியே செல்லுதல். இவ்வமைப்பு முதியவருக்கு எத்துணை ஏற்றதோ அத்துணை இரண்டு வயதுக் குழந்தைக்கும் ஏற்றது. நண்பகல் உறக்கம் இருவருக்கும் பொதுவானது.

இவ்விதிக்கு ஏற்பத் தொலைவான இடங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நிலங்களை ஒரே மாவட்டத்துள் காட்டும் சிறப்பு நெல்லைக்கு உண்டு. திசையன்விளைக்கு மிக அருகில் உவரிக் கடற்கரை. அங்கே சுயம்புலிங்க சுவாமி கோயிலும் புனித அந்தோணியார் திருத்தலமும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. முதல் நாள் மாலை கடற்காற்றோடு கழியலாம். பயணக் களைப்பும் தீரும்.

இரண்டாம் நாள் இடையன்குடி. அயர்லாந்தில் பிறந்து, 1841ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் பணியாற்றிய இராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த வீடு இங்கே நினைவில்லமாகப் பேணப்படுகிறது. திராவிட மொழிகளின் உறவை விளக்கி 1856இல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலைப் பாடத்தில் படித்த மாணவர்க்கு, அந்நூலாசிரியர் நடந்த தெருவைக் காண்பது தனி மகிழ்ச்சி. 1880இல் நிறைவுற்ற தேவாலயமும் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அங்கேயே உள்ளன. திசையன்விளைக்கு அருகே ஆயன்குளத்தில் ஒரு கிணறு உண்டு. 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வெள்ளநீர் பல நாள்கள் தொடர்ந்து பாய்ந்தும் அது நிரம்பவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் ஆராய்ந்து, நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளே அதற்குக் காரணம் என்று விளக்கினர். நகரத்தில் வளரும் பிள்ளைகள் நிலத்தடி நீரைப் பற்றி ஆயிரம் வினாக்கள் எழுப்புவதற்கு அந்த ஒரு கிணறு போதும்.

மூன்றாம் நாள் பாபநாசம். கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரை செல்லும் நெடிய பயணம் என்பதால் அதிகாலையில் புறப்பட வேண்டும். முதியவர் உடன்வருவதால், வழியில் எங்கெங்கே தூய கழிப்பறை உண்டு என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் கால்களை நீட்டச் செய்தல் நலம். அன்றாட மருந்துகளையும் மருத்துவரின் சீட்டையும் உடைப்பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பாபநாசநாதர் கோயிலின் எதிரே ஆற்றுக்கு இறங்கும் படிகளில் பாசி படிந்திருக்கக்கூடும். முழுகிக் குளிக்க முயலாமல் மேற்படியில் அமர்ந்து செம்பால் நீரை முகந்து ஊற்றிக்கொள்ளலாம். அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டிருக்கிறதா என்பதை உள்ளூராரிடம் வினவியபின்னரே எவரும் இறங்குதல் தகும்.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் செல்வதானால், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்துள்ளது என்பதை மறத்தலாகாது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் குறிப்பிட்ட நேரத்திற்குள் நுழைந்து, குறிப்பிட்ட நேரத்திற்குள் வெளியேற வேண்டும். நெகிழிப் பொருள்களுக்குத் தடை உண்டு. வாழையிலையில் கட்டிய புளியோதரையும் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டு செல்வது முன்னோர் முறை மட்டுமன்று. இன்றைய விதியும் அதுவே.

நான்காம் நாள் வீட்டிலேயே தங்குதல். எங்கும் செல்லாத நாள் ஒன்று பயணத்தில் இருத்தல் இன்றியமையாதது.

செலவும் உழைப்பும்

கூட்டுப் பயணங்கள் மனக்கசப்பில் முடிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று பணம், மற்றொன்று வேலை. உடன்பிறந்தோரின் வருவாய் ஒன்றுபோல் இருப்பதில்லை. செலவைத் தலைக்கு இவ்வளவு எனச் சமமாகப் பங்கிட்டால், குறைந்த வருவாய் உடையவர் ஏதேனும் காரணம் கூறி விலகிவிடுவார். விலகியதன் உண்மைக் காரணம் ஒருநாளும் வெளிவராது. ஆகவே, வண்டி வாடகை, உணவு, தங்குமிடம் என இனங்களைப் பிரித்து, அவரவர் இயன்றதை ஏற்பதே பழைய வழக்கத்திற்கு இசைந்தது. ஒருவர் வண்டிக்கு, ஒருவர் அரிசி பருப்புக்கு, ஒருவர் தோட்டத்து இளநீருக்கும் நுங்குக்கும் கருப்பட்டிக்கும் பொறுப்பேற்றால், எவருடைய பங்கும் சிறிதெனத் தோன்றாது. கணக்கு ஒரே ஏட்டில் எல்லாரும் காணுமாறு எழுதப்படின் ஐயமும் எழாது.

பணத்தினும் நுண்ணியது வேலைப் பகிர்வு. பதினான்கு பேர் கூடும் வீட்டில் அடுப்பு அணைவதில்லை. காலை இட்லிக்கு முதல்நாள் மாவு அரைப்பது முதல் இரவு பாத்திரம் கழுவுவது வரை பெண்கள் இருவர் மூவர் மீதே சுமை விழுமாயின், மற்றவர்க்கு அது விடுமுறை. அவர்களுக்கு அது கூடுதல் பணிநாள். சமையல், துணி துவைத்தல், குழந்தையைக் கவனித்தல், ஆச்சிக்கு உரிய நேரத்தில் மருந்து கொடுத்தல் என ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் வேறுபாடின்றிப் பெயர் எழுதி, சுவரில் ஒட்டிவைக்கலாம். மாணவர்களின் பெயரும் அதில் இடம்பெறுவது முறை.

சொல் கைமாறும் இடம்

இத்துணை முயற்சியும் எதன்பொருட்டு? ஓர் அருவியைக் காண்பதற்கு நால்வர் தனியே செல்வது எளிது, செலவும் குறைவு. பல தலைமுறையினர் சேர்ந்து செல்வதால் கிட்டும் பயன் வேறு. ஆற்றங்கரைப் படியில் அமரும் ஆச்சி, அங்கே முதன்முதலாக நீந்தக் கற்றதைச் சொல்வார். வண்டி ஓர் ஊரைக் கடக்கும்போது, "இது ஒங்க தாத்தாவோட சித்தி வாக்கப்பட்ட ஊரு" என்பார். எந்தச் சாஸ்தா குடும்பத்துக்கு உரியவர், அவருக்கு எந்தப் படையல், எந்தக் கிளையினர் எந்த ஆண்டில் ஊரைவிட்டுச் சென்றனர் என்னும் செய்திகள் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. அவை ஒருவருடைய நினைவில் மட்டுமே வாழ்கின்றன. வீட்டுத் திண்ணையில் கேட்டால் நினைவுக்கு வாராதவை, இடத்தைக் கண்டதும் தாமே வெளிப்படும். அவரை வீட்டில் விட்டுவிட்டுச் செல்லும் குடும்பம், இடங்களைக் காணும். அவ்விடங்களுக்கும் தனக்கும் உள்ள உறவைக் காணாது.

மும்பையில் வளரும் பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வாராது. 'கடவம்', 'பதநீர்', 'விளை', 'தேரி' முதலிய சொற்களை அவன் எந்தச் செயலியிலும் கேட்டிருக்க மாட்டான். பனையோலைக் கடவத்தைக் கையில் எடுத்துக் காட்டி ஆச்சி அதன் பெயரைச் சொல்லும்போது, ஒரு சொல் ஒரு தலைமுறையைத் தாண்டிச் செல்கிறது. அவன் தன் கைப்பேசியில் காணொளியாக அழைப்பது எவ்வாறு என்பதை ஆச்சிக்குக் கற்பிப்பான். கொடுத்தலும் பெறுதலும் இருவழியாகவும் நிகழும்.

ஆற்றுக்கும் தேரிக்கும் இடையே இன்று ஒரு நீர்வழியும் உருவாகியிருக்கிறது. தாமிரபரணியின் மிகைநீரைக் கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றுடன் இணைக்கும் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வெள்ளநீர்க் கால்வாய், கன்னடியன் கால்வாயில் தொடங்கித் திசையன்விளைப் பகுதித் தேரி வரை நீள்கிறது. ஆற்றங்கரையில் பிறந்து தேரியில் வாழ்ந்த ஒருவருக்கு இச்செய்தியின் பொருள் பிறருக்குத் தெரிவதினும் ஆழமாகத் தெரியும். அதனை அவர் வாயால் கேட்கும் வாய்ப்பு என்றும் இருக்கும் என்று எண்ணுதல் கூடாது. எண்பத்திரண்டு வயதில், அடுத்த ஆண்டு என்பது உறுதியான சொல் அன்று.

மாணவரின் இடம்

பதினேழு வயது மாணவர் இத்தகைய குடும்பத்தில் நடுவிடத்தில் இருக்கிறார். பயணச்சீட்டை இணையத்தில் பதிவுசெய்யவும் வழித்தடத்தை அறியவும் பெரியோர் அவரையே நாடுகின்றனர். சிறியோர் அவர் சொன்னால் கேட்கின்றனர். ஆச்சியின் அருகில் அமர்ந்து பேச அவருக்கு இன்னும் கூச்சம் வந்திருக்கவில்லை. பிள்ளைகள் கேட்கத் தயங்குவதைப் பேரப்பிள்ளைகள் இயல்பாகக் கேட்டுவிட முடியும். எனவே, அடுத்த விடுமுறைக்கான உரையாடல் வீட்டில் தொடங்கும்போது, ஒரு தாளின் தலைப்பில் இடங்களின் பெயர்களை எழுதுவதற்கு முன்பு உடன்வரும் மனிதர்களின் பெயர்களை எழுதலாம். மூத்தவரின் பெயர் முதலில் இருக்கட்டும். அப்பெயருக்கு எதிரே அவர் செல்ல விரும்பும் இடத்தை, அவரிடமே கேட்டு எழுதுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம், அவர் மீண்டும் காண விரும்பும் இடம் எது எனக் கேட்டு, அதற்கான காரணத்தை அவருடைய பேச்சு வழக்கிலேயே ஒரு பக்க அளவில் எழுதுக.

2. மூன்று தலைமுறையினர் பங்குபெறும் இரண்டு நாள் பயணம் ஒன்றுக்கு நிரல், செலவுக் கணக்கு, வேலைப் பகிர்வுப் பட்டியல் ஆகியவற்றைக் குழுவாகச் சேர்ந்து ஆயத்தம் செய்க.

3. "நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்" என்பது போல, வெளிப்படைப் பொருள் ஒன்றாகவும் உட்பொருள் வேறாகவும் அமைந்து உங்கள் வீட்டில் வழங்கும் தொடர்களைத் திரட்டி, வகுப்பறையில் கலந்துரையாடுக.